டாக்டரும் திரும்பித் திரும்பி வந்த சிவப்பு வண்டியும்

அந்த ஒர்க் ஷாப்பில் அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் அழைத்தார்கள். அவர் படித்தது இரண்டு வருட மோட்டார் மெக்கானிக் படிப்பு. சேர்ந்த புதிதில், ரிப்பேருக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அட்டை போட்டு, 'நோயாளி: வெள்ளை வேன். புகார்: காலையில் இருமல்' என்று எழுதி வைத்தார். கூட வேலை செய்தவர்கள் கிண்டலுக்கு டாக்டர் என்றார்கள். அவர் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டார். கிண்டலை மரியாதையாக எடுத்துக்கொள்பவரை ஒன்றும் செய்ய முடியாது. கிண்டல் செய்தவர்கள்தான் களைத்துப்போனார்கள், பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் மட்டும் அது செல்லுபடியாகவில்லை. அவர் மனைவி நிஜ ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வீட்டைப் பொறுத்தவரை அந்தப் பட்டம் செருப்போடு சேர்ந்து வாசலிலேயே நின்றுவிடும்.

டாக்டரிடம் ஒரு கொள்கை இருந்தது. ஸ்கேனர் காட்டும் கோளாறு எண் என்பது வண்டி போடும் கூச்சல். எங்கே வலிக்கிறது என்று சொல்லும், ஏன் வலிக்கிறது என்று சொல்லாது. இது முழுக்கச் சரியான கருத்து. அதை அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னதுதான் சிக்கல். இன்னொரு கொள்கை, உட்கார்ந்துவிட்ட மெக்கானிக் துருப்பிடித்துப்போவான் என்பது. இதை அவர் தன் சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி சொல்வார். ஒர்க் ஷாப்பின் மூலையில் மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட ஏ.சி. அறை ஒன்று உண்டு. தலைமை மெக்கானிக்கின் அறை. பதினொரு வருடமாக அதன் சாவி அவருடைய இடுப்பில் தொங்கியது. மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை உள்ளே அமர்ந்து, வெளியே வேர்த்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்துத் தலையாட்டுவார்.

வெளிப்பூச்சு அவருக்குப் பிடிக்காது. "உள்ள சரியா இருந்தா போதும்" என்பார். ஆனால் அவர் கை வைத்த வண்டி எதுவும் இன்ஜின் பளபளக்காமல் வெளியே போனதில்லை. கடைசி வேலையாக அவரே ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பம்ப் குழாயைப் பிடிப்பார். தண்ணீர் படக்கூடாத இடங்களை எல்லாம் பிளாஸ்டிக் பையால் மூடி, நூலால் இறுக்கிக் கட்டி, அதன் பிறகுதான் இன்ஜினைக் குளிப்பாட்டுவார். துடைத்து, பளபளப்பு ஸ்பிரே அடிப்பார். வாட்டர் வாஷ் ஆட்கள் யாரையும் இதில் கைவைக்க விடமாட்டார். "அவங்களுக்குப் பை கட்டத் தெரியாது."

சிவப்பு வண்டி முதலில் வந்தது ஆயில் மாற்ற. இரண்டே சீட், தரையோடு ஒட்டிய உடம்பு. இன்ஜின் முன்னால் இல்லை. சீட்டுக்குப் பின்னால், கண்ணாடி மூடிக்குக் கீழே, நகைக்கடை ஷோகேஸ் மாதிரி எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். ஆயில் மாற்றினார்கள், இன்ஜின் பளபளத்தது, மகிழ்ச்சியாகப் போனார். ஒன்பதாம் நாள் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார்.

"ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதிச்சாலும் முப்பதைத் தாண்ட மாட்டேங்குதுங்க. மஞ்சள் லைட் வேற எரியுது."

"நல்லா இருக்கறப்ப எவ்வளவுல போவீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

பல் டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "முப்பத்தஞ்சு. ரோடு முழுக்க ஸ்பீட் பிரேக்கருங்க."

ஸ்கேனர் காட்டியது த்ராட்டில் சென்சார் கோளாறு. த்ராட்டில் என்பது இன்ஜினுக்குள் காற்று போகும் வழியில் உள்ள ஒரு சின்னக் கதவு, மிதித்தால் திறக்கும். எவ்வளவு திறந்திருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல இரண்டு சென்சார்கள். ஒன்று போதாதா என்றால், போதாது. அது பொய் சொன்னால் யார் கேட்பது? கதவு திறக்கத் திறக்க ஒன்றின் வோல்டேஜ் ஏறும், மற்றதன் வோல்டேஜ் இறங்கும். இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஐந்து. ஒருவர் சொல்வதற்கு நேர் எதிராக இன்னொருவர் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் கம்ப்யூட்டருக்கு நிம்மதி. கல்யாணத்தை விட்டால் இப்படியொரு ஏற்பாடு இங்கேதான் இருக்கிறது. கூட்டுத்தொகை பிசகினால் கம்ப்யூட்டர் இரண்டு பேரையும் நம்பாமல், வண்டியை நொண்ட விட்டுவிடும்.

டாக்டர் மீட்டரை எடுத்தார். சென்சாருக்கு வயர் போய்ச் சேரும் கனெக்டரைக் கழற்றினார். பின்கள் லேசாகப் பச்சை பூத்திருந்தன. சுரண்டித் துடைத்தார், மாட்டினார், கூட்டிப் பார்த்தார்: ஐந்து. அட்டையில் 'குணம்' என்று எழுதினார். பை கட்டினார், குளிப்பாட்டினார், அனுப்பினார்.

பதினோராம் நாள் வண்டி மறுபடி வந்தது. கனெக்டரையே மாற்றிப் புதிது போட்டார். அட்டையில் 'பூரண குணம்' என்று எழுதினார். இன்ஜின் முன்பைவிடப் பளபளத்தது.

அடுத்த தடவை எட்டே நாள். இப்போது சந்தேகம் வாடிக்கையாளர் மேல் திரும்பியது. ஒர்க் ஷாப்களில் இது முறைப்படி நடக்கும் சடங்கு. பல் டாக்டரின் செருப்பு சைஸ் கேட்கப்பட்டது. கால்மிதி தூக்கிப் பார்க்கப்பட்டது. போன் சார்ஜர், வாசனை பாட்டில் இரண்டும் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. டாக்டர் ஒரு முழு மாலை பக்கத்து சீட்டில் முழங்காலை மூக்கோடு சேர்த்து உட்கார்ந்து, அவர் எப்படி ஓட்டுகிறார் என்று பார்த்தார். இவ்வளவு வேகமான வண்டியை இவ்வளவு மரியாதையாக ஓட்டும் மனிதரை அவர் பார்த்ததில்லை. குற்றம் எதையும் சுமத்த முடியவில்லை. அது அவருக்குக் கோபத்தைத்தான் தந்தது.

மறுநாள் கண்ணாடி அறை வாசலில் முதலாளி வந்து நின்றார். "டாக்டரே, இந்த வண்டி நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி ஆயிடுச்சு. பத்து நாளைக்கு ஒரு தடவை பொறந்த வீட்டுக்கு வந்துடுது."

அவர் பக்கத்தில் லேப்டாப் நின்றிருந்தார். எந்நேரமும் கையில் லேப்டாப்போடு திரிவதால் அந்தப் பெயர் பெற்ற இவர் டாக்டருடைய மனைவியின் தம்பி. நான்கு வருடம் முன்பு டாக்டர்தான் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டார். அதிலிருந்து இருவருமே அந்த உதவியை மன்னிக்கவில்லை. கம்ப்யூட்டர் என்ன எண் காட்டுகிறதோ அந்தப் பாகத்தை மாற்றுவதுதான் லேப்டாப்பின் வைத்திய முறை.

"மாமா, கோட் தெளிவா இருக்கு. த்ராட்டில் பாடியை முழுசா மாத்திடலாம்."

"பல்லு கூசுதுன்னா தாடையையே கழட்டுவியா மாப்ள?"

அங்கே நின்றிருந்த பல் டாக்டர், யாரும் கேட்காமலே, "முதல்ல எக்ஸ்ரே எடுப்போம்," என்றார்.

"கேட்டீங்களா மாமா? எக்ஸ்ரே," என்று கையிலிருந்த கம்ப்யூட்டரைத் தட்டிக் காட்டினார் மச்சினர்.

டாக்டருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "மாத்துடா. நீ சொன்னதையும் மாத்து, நானும் ஒவ்வொரு வயரா பார்க்கறேன். இன்னொரு தடவை இந்த வண்டி இதே கோளாறோட அந்த கேட்டுக்குள்ள வந்துச்சுன்னா, இந்த ரூம் சாவியை நானே உன் கையில குடுத்துட்டு இறங்கிடறேன்."

"ஐயோ, அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று யாராவது சொல்வார்கள் என ஒரு நொடி காத்திருந்தார்.

"சரி," என்றார் முதலாளி.

பன்னிரண்டு நாள் வண்டி ஒர்க் ஷாப்பிலேயே இருந்தது. கதவும் சென்சார்களும் சேர்ந்த புது த்ராட்டில் பாடி மாட்டினார்கள். டாக்டர் வயர்க் கட்டு முழுவதையும் பிரித்தார். ஒவ்வொரு வயரையும் இழுத்து, மடக்கி, ஆட்டி, மீட்டர் பார்த்தார். புது டேப் சுற்றினார். தினமும் காலையும் மாலையும் தானே ஓட்டிப் பார்த்தார். வெயிலில் நிறுத்தினார், மேட்டில் ஏற்றினார், ஸ்பீட் பிரேக்கரில் வேண்டுமென்றே குதிக்க விட்டார். மஞ்சள் லைட் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டுத்தொகை பன்னிரண்டு நாளும் ஐந்து. கண்ணாடி அறைக் கதவில் எண்ணெய் விட்டு, பூட்டைத் துடைத்து வைத்தார்.

ஒப்படைக்கும் நாளில் தனிக் கவனம். வழக்கமாக ஒரு பை கட்டும் இடத்தில் இரண்டு கட்டினார். வழக்கமாக ஒரு முறை ஊற்றும் இடத்தில் இரண்டு முறை ஊற்றினார். கண்ணாடி மூடிக்குக் கீழே இன்ஜின் மணப்பெண் மாதிரி ஜொலித்தது. அட்டையில் 'நோய் இனி அணுகாது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

நான்காம் நாள், வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றுக்கு, சிவப்பு வண்டி கேட்டுக்குள் நொண்டிக்கொண்டு நுழைந்தது. ஒர்க் ஷாப்பில் ஸ்பேனர் சத்தம் நின்றது. பல் டாக்டர் குற்றவாளி மாதிரி இறங்கி, "நான் ஒண்ணும் பண்ணலீங்க," என்றார்.

முதலாளி டாக்டரின் இடுப்பைப் பார்த்தார். சாவியைத்தான். "திங்கட்கிழமை சாயங்காலம் வாங்கிக்கறேன். அதுக்குள்ள காரணத்தைக் கண்டுபிடிச்சீங்கன்னா வேற மாதிரி யோசிக்கலாம்."

ஞாயிறு காலை அவர் மனைவி டூட்டிக்குக் கிளம்ப யூனிஃபார்ம் தேய்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சாப்பாட்டு மேசையில் நான்கு அட்டைகளையும் பரப்பி வைத்து, தோற்றுப்போன சீட்டாட்டக்காரர் மாதிரி வெறித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசமா அந்த வண்டிகூடத்தான் குடும்பம் நடத்தறீங்க. என்னதான் அதுக்கு?"

"உனக்குச் சொன்னா புரியாது."

"சரி, சொல்லாதீங்க," என்று சொல்லிவிட்டு அவர் காலரைத் தேய்த்தார். அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் இஸ்திரிப்பெட்டி வந்து சேர்வதற்குள் டாக்டர் முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மனைவி கடைசி வரை கேட்டார்.

"முதல்ல எதுக்கு வந்துச்சு?"

"சென்சார் கோளாறு. ஒன்பதாம் நாள்..."

"ஒன்பதாம் நாள்னா அதுக்கு முன்னாடி ஒரு நாள் வந்திருக்குல்ல? அதைக் கேக்கறேன்."

"அது சும்மா ஆயில் மாத்த."

"அப்ப நொண்டிச்சா?"

"இல்ல."

"உங்ககிட்ட வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் நொண்டிச்சு. பன்னிரண்டு நாள் உங்ககிட்டயே இருந்தப்ப நல்லா இருந்துச்சு. டிஸ்சார்ஜ் பண்ணதும் மறுபடி நொண்டிச்சு." அவர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "எங்ககிட்ட நல்லா வர்ற பேஷன்ட் எல்லாருக்கும் ஆபரேஷனுக்கு அப்புறம் காய்ச்சல் வந்தா, பேஷன்டைத் திட்ட மாட்டோம். தியேட்டரைத்தான் சந்தேகப்படுவோம். டிஸ்சார்ஜ் அன்னிக்கு மட்டும் நீங்க என்ன பண்றீங்க?"

டாக்டரின் முகத்தில், கூட்டுத்தொகை பிசகியது போல் ஏதோ ஒன்று அசைந்தது.

"குளிப்பாட்டுவேன்," என்றார் மெதுவாக.

"அப்படிப் போடுங்க," என்று அவர் மனைவி பிளக்கைப் பிடுங்கினார்.

"ஆனா எல்லாத்தையும் மூடிக் கட்டிட்டுத்தான் தண்ணி ஊத்துவேன்!"

"எங்க ஆளுங்களும் கையுறை போட்டுக்கிட்டுத்தான் எல்லாத்தையும் தொடுவாங்க. கிருமி அந்தக் கையுறையிலயே வரும்."

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் ஒர்க் ஷாப்புக்குப் போனார். கனெக்டரைத் துடைத்துக் காயவைத்து, மீட்டர் பார்த்தார்: ஐந்து. ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டார். பை கட்டினார், நூல் சுற்றினார், அந்த மூலையில் மட்டும் பம்ப்பை ஓடவிட்டார். அந்த நேரம் பார்த்து லேப்டாப் உள்ளே வந்தார்.

"மாமா, இன்னும் ரிப்பேரே பண்ணல, அதுக்குள்ள குளிப்பாட்டறீங்க?"

"கொலை எப்படி நடந்துச்சுன்னு நடிச்சுக் காட்டறேன். பேசாம பாரு."

தண்ணீரை நிறுத்தி, பையின் நூலை அவிழ்த்தார். உள்ளே அரை டம்ளர் தண்ணீர் இருந்தது. மேலே பட்ட தண்ணீர் வயர்க் கட்டைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து, நூல் கட்டிய இடுக்கு வழியாக இறங்கி, பைக்குள் தேங்கியிருந்தது. மற்ற வண்டிகளில் இந்தக் கனெக்டர் கீழ்நோக்கித் தொங்கும். தண்ணீர் வந்தாலும் வடிந்துவிடும். இந்த வண்டியில் வாயை மேலே பார்த்துக்கொண்டு கோப்பை மாதிரி உட்கார்ந்திருந்தது. பை இல்லாமல் இருந்தால் தெறித்த தண்ணீர் இன்ஜின் சூட்டில் காய்ந்து போயிருக்கும். பை அதைப் பத்திரமாகப் பிடித்து, நிதானமாக ஊட்டியிருந்தது. கனெக்டரைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். ஒரே ஒரு சொட்டு விழுந்தது. பதினொரு வருடப் பதவியைக் கரைக்க அதற்கு மேல் தண்ணீர் தேவைப்படவில்லை. கனெக்டருக்குள் அடைபட்ட அந்தச் சொட்டு இன்ஜின் சூட்டில் மெல்ல மெல்லப் பின்களைப் பச்சை பிடிக்கச் செய்யும். ஒரு வாரம், பத்து நாளில், இரட்டைக் குளியல் என்றால் நாலே நாளில், இரண்டு சென்சார் சாட்சிகளின் கணக்கும் கெடும்.

லேப்டாப் அந்தச் சொட்டையே பார்த்தார். அநியாயமாக மாற்றிய த்ராட்டில் பாடி அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். "மாமா, இது நமக்குள்ளயே இருக்கட்டும். கனெக்டர் டூப்ளிகேட்னு சொல்லிடலாம்."

நான்கு வருடத்தில் மச்சினர் அவருக்குச் சொன்ன முதல் பாசமான வார்த்தை அதுதான்.

விஷயத்தைக் கேட்ட முதலாளிக்கும் வேறு கருத்து இல்லை. "நாமதான் கெடுத்தோம்னு நாமே சொல்றதா? காத்துல ஈரம் ஜாஸ்தின்னு சொல்லிடுங்க. காத்து வந்து மறுக்கவா போகுது? இனிமே பை கட்டாதீங்க, தண்ணி ஊத்தாதீங்க, முடிஞ்சது. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

டாக்டருக்கும் இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. கனெக்டரை மறுபடி துடைத்துக் காயவைத்து மாட்டியபடி, மதியம் வரை அவரும் காற்றின் ஈரத்தைப் பற்றி யோசித்து, சொல்லச் சொல்ல அதை ஓரளவு நம்பவும் ஆரம்பித்திருந்தார்.

மாலை பல் டாக்டர் வந்தார். கண்ணாடி மூடி வழியாகக் குனிந்து பார்த்தார். முழுக்கக் குளிக்காத இன்ஜின் தூசியோடு இருந்தது. அவர் முகம் வாடியது.

"என்னங்க, வேலையே ஆரம்பிக்கலையா?"

"முடிஞ்சிடுச்சுங்க. காத்துல ஈரம்..." என்று ஆரம்பித்தார் முதலாளி.

"முடிஞ்ச மாதிரியே தெரியலீங்களே. எப்பவும் கண்ணாடி மாதிரி குடுப்பீங்க. போன தடவை எல்லாம் வேலை பண்ணியிருக்கீங்கன்னு பார்த்தாலே தெரிஞ்சுது."

நான்கு தடவை கெடுத்துக் கொடுத்தபோது திருப்தியாகப் போன மனிதர், உண்மையிலேயே சரியான வண்டியைப் பார்த்து ஏமாற்றப்பட்டதாக நினைத்தார்.

"ஒரு தண்ணி அடிச்சுக் குடுங்க. இல்லன்னா வாசல்லயே யார்கிட்டயாவது அடிச்சுக்கறேன்."

முதலாளி சிரித்துக்கொண்டே வாட்டர் வாஷ் பக்கம் கை காட்டினார். அந்தச் சிரிப்பில் எல்லாம் இருந்தது. அடித்துக் கொடுக்கலாம், பத்து நாளில் திரும்பி வரும், அப்போது வேறு ஏதாவது காற்றைச் சொல்லலாம். டாக்டர் அசையவில்லை. அது நேர்மையா, தொழில் திமிரா என்று பிரித்துச் சொல்வது கடினம். அவர் சரிசெய்த ஒன்றைத் தெரிந்தே கெடுக்க அவரால் முடியவில்லை, அவ்வளவுதான்.

"தண்ணி அடிச்சா திரும்ப வரும்ங்க," என்றார். "இதுவரைக்கும் வந்ததும் அதனாலதான். காத்தும் இல்ல, ஈரமும் இல்ல. நோய் குடுத்தது நான்."

பையையும் நூலையும் எடுத்துக் காட்டி, சொட்டு விழுந்த கதை முழுவதையும் சொன்னார். ரொம்ப விரிவாகவே சொன்னார். ஒப்புக்கொள்வதிலும் அவருக்குச் சுருக்கம் தெரியாது.

பல் டாக்டர் அந்தப் பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "எங்க தொழில்ல யாராவது இப்படிச் சொன்னா கேஸ் போட்டுடுவாங்க," என்றார்.

"அதனாலதான் யாரும் சொல்றதில்லையா?"

"ஆமா," என்றார் பல் டாக்டர், யோசித்துவிட்டு. தூசியோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

கேட் மூடியதும் முதலாளி கையை நீட்டினார். "காலைல விட்டுடலாம்னுதான் இருந்தேன் டாக்டரே. ஆனா ஊரறியச் சொன்ன வார்த்தையாச்சே." உண்மை பேசியதற்குத் தண்டனை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? டாக்டர் சாவியைக் கழற்றினார். இடுப்பில் அது தொங்கிய இடம் மட்டும் பேன்ட்டில் நிறம் வெளுத்திருந்தது.

தண்ணீரைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர் என்பதால் அவரை வாட்டர் வாஷுக்கு மேற்பார்வையாளராகப் போட்டார்கள். ஒரே வாரத்தில் அங்கேயும் அட்டை வந்துவிட்டது. 'குளியல் கூடாத இடங்கள்' என்று ஒவ்வொரு வண்டிக்கும் படம் வரைந்து தொங்கவிட்டார். இன்ஜினை இப்போது உலர்ந்த துணியாலும் சின்ன பிரஷ்ஷாலும்தான் துடைக்கிறார்கள். சிவப்பு வண்டி கோளாறோடு அப்புறம் வரவில்லை. மாதம் ஒரு தடவை துடைக்க மட்டும் வருகிறது. பிரஷ்களைப் பல் டாக்டரே டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து தருகிறார். பல்லிடுக்குக்கு உள்ளது வயரிடுக்குக்கும் பொருந்துகிறதாம்.

கண்ணாடி அறையில் லேப்டாப் உட்கார்ந்தார். மூன்றாவது வாரம், பகல் வெயிலில், இறங்கி வாட்டர் வாஷ் பக்கம் வந்தார். ஈரத் தரையில் ஷூ நனையாமல் ஓரமாக நின்றார்.

"மாமா, ஒரு நிமிஷம். ஒரு நீல வண்டி. ஜன்னல் கண்ணாடி ஏற மாட்டேங்குது. மோட்டார் மாத்தியாச்சு, ஸ்விட்ச் மாத்தியாச்சு. மூணாவது தடவையா வந்திருக்கு."

டாக்டர் பூட்ஸைக் கழற்றவில்லை. துணியைப் பிழிந்து, உதறி, கம்பியில் காயப்போட்டு, நெடுநேரம் மச்சினரைக் காக்க வைத்த பிறகுதான் திரும்பினார்.

"முதல்ல எதுக்கு வந்துச்சு மாப்ள?"

அந்த நீல வண்டி முதலில் வந்தது கதவில் ஸ்பீக்கர் மாட்ட. கதவைத் திறந்து பார்த்தார்கள். ஸ்பீக்கரின் திருகு ஒன்று ஜன்னல் மோட்டாரின் வயரைக் கடித்துக்கொண்டிருந்தது. மாட்டியவர் லேப்டாப். அட்டையில் அது 'முந்தைய சிகிச்சையின் விளைவு' என்று மட்டும் பதிவாகியிருக்கிறது. உறவென்று ஒன்று இருக்கிறதே.

இப்போது அங்கே எந்த வண்டி திரும்பி வந்தாலும் முதலில் இந்தக் கேள்விதான். டாக்டரின் கேள்வி என்றே அதற்குப் பெயர். அடுத்த ஞாயிறு அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்த லேப்டாப் அதைச் சிலாகித்துச் சொன்னார். அக்கா சாதம் பரிமாறுவதை நிறுத்தி, கரண்டியோடு கணவர் பக்கம் திரும்பினார்.

"யாரோட கேள்வியாம் அது?"

டாக்டர் தட்டைப் பார்த்தபடி, "பொதுவா எல்லாரும் கேக்கறதுதான்," என்றார்.